ஏசிஎல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எலும்பில் போட்ட துளை பெரிதாகுமா? பயப்பட வேண்டுமா?

2024 ஆகஸ்ட். பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் பூப்பந்து அரையிறுதி. முதல் செட்டை வென்று இரண்டாவது செட்டிலும் முன்னணியில் இருந்தார் ஸ்பெயினின் கரோலினா மரின். பந்தை அடித்துவிட்டுக் காலை ஊன்றியபோது வலது முழங்கால் மடங்கியது. அவரால் ஆட்டத்தைத் தொடர முடியவில்லை.

2019 ஜனவரியில் ஜக்கார்த்தாவில் நடந்த இந்தோனேசிய மாஸ்டர்ஸ் இறுதியாட்டத்தில் ஏசிஎல் தசைநார் அறுந்ததும் அதே வலது முழங்காலில்தான். இடையே 2021இல் இடது காலிலும் அதே தசைநார் போனது.

ஏற்கெனவே அறுவைச் சிகிச்சை செய்த முழங்கால் மறுபடியும் போனால், மருத்துவர் முதலில் எதைப் பார்ப்பார் தெரியுமா? புதுத் தசைநாரை எங்கிருந்து எடுப்பது என்பதை மட்டுமல்ல. போன தடவை எலும்பில் போட்ட ஓட்டைகள் இப்போது எப்படி இருக்கின்றன என்பதையும்தான்.

ஆமாம், ஓட்டைகள். ஏசிஎல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒவ்வொருவரின் முழங்காலிலும் அவை உண்டு. சிலருக்கு அவை நாளடைவில் பெரிதாகின்றன. ஸ்கேன் அறிக்கையில் 'டனல் வைடனிங்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் கூகளில் தேடுபவர்கள் நிறைய பேர். அதன் அர்த்தம் என்ன?

முதலில், எலும்பில் ஏன் துளை?

ஏசிஎல் என்பது முழங்காலின் நடுவே, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காக இணைக்கும் தசைநார். நீளம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். ஆனால் ஓடும்போது சட்டென்று திரும்புவது, தாவிவிட்டுத் தரையிறங்குவது போன்ற நேரங்களில் கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஃபுட்சால், பூப்பந்து, கூடைப்பந்து, சிலாட் எல்லாமே அதற்குச் சோதனைதான்.

முற்றாக அறுந்தால் அது பெரும்பாலும் தானாகச் சரியாக ஒட்டிக்கொள்வதில்லை. எல்லாருக்கும் அறுவைச் சிகிச்சை தேவை என்றும் இல்லை. திரும்பித் திரும்பி ஓடும் விளையாட்டு வேண்டாம் என்பவர்கள், உடற்பயிற்சியால் தொடைத் தசைகளைப் பலப்படுத்திக்கொண்டே நன்றாக நடமாடுகிறார்கள். மறுபடியும் களத்தில் இறங்க நினைப்பவர்களுக்கும், நடக்கும்போதே முழங்கால் நழுவுபவர்களுக்கும்தான் பொதுவாக அறுவைச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

அந்தச் சிகிச்சையில் அறுந்த தசைநாரைத் தைப்பதில்லை. புதிதாக ஒன்றைச் செய்கிறார்கள். உடலின் இன்னோர் இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுக்கிறார்கள். தசைநாண் என்பது தசையை எலும்போடு இணைப்பது. தசைநார் என்பது எலும்பை எலும்போடு இணைப்பது. தொடையின் பின்பக்கத்து ஹாம்ஸ்ட்ரிங் தசைநாணை எடுத்து மடித்துத் தடிமனாக்குவது ஒரு வழி. முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணை, இரு முனைகளிலும் சிறிய எலும்புத் துண்டோடு சேர்த்து எடுப்பது இன்னொரு வழி. தொடையின் முன்பக்கத்திலிருந்தும் எடுக்கலாம். எடுத்ததை கிராஃப்ட் என்கிறார்கள்.

அதை எங்கே மாட்டுவது? தொடை எலும்பில் ஒரு துளை, கீழ்க்கால் எலும்பில் ஒரு துளை. கிராஃப்ட்டின் ஒரு முனை மேலே, மறு முனை கீழே. ஸ்குருவோ, எலும்பின் வெளிப்புறத்தில் உட்காரும் சிறு உலோகப் பட்டனோ போட்டு இறுக்கிவிடுகிறார்கள்.

இது ஒன்றும் புது யோசனையில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த எர்னஸ்ட் ஹே குரோவ்ஸ் எனும் அறுவைச் சிகிச்சை நிபுணர் 1917லேயே தொடையின் பக்கவாட்டுத் திசுவை எலும்புத் துளைகள் வழியாகச் செலுத்தி ஏசிஎல்லை மாற்றியமைத்தார். கருவிகள் மாறிவிட்டன. மெல்லிய கேமராவை உள்ளே விட்டுத் திரையில் பார்த்தபடி செய்கிறார்கள். ஆனால் அடிப்படை அதே இரண்டு துளைகள்தான்.

ஸ்குரு பிடிப்பது கொஞ்ச காலத்துக்குத்தான்

பலரும் தவறவிடும் விஷயம் இது. ஸ்குருவும் பட்டனும் நிரந்தரப் பிடிமானம் அல்ல. கிராஃப்ட் எலும்போடு ஒட்டி வளரும்வரை அதைப் பிடித்து வைத்திருப்பதுதான் அவற்றின் வேலை. உண்மையான ஒட்டுதலை உடல்தான் செய்ய வேண்டும்.

அதற்கு எவ்வளவு நாள் ஆகும்? எலும்புத் துண்டோடு எடுத்த கிராஃப்ட் என்றால் எலும்பும் எலும்பும் சேர ஏறத்தாழ 6 வாரம். ஹாம்ஸ்ட்ரிங் என்றால் தாமதம். மென்மையான தசைநாண் கடினமான எலும்பைப் பிடித்துக்கொள்ள 8 முதல் 12 வாரமாவது வேண்டும்.

1993இல் அமெரிக்காவில் ஸ்காட் ரோடியோவும் சக ஆய்வாளர்களும் நாய்களிடம் நடத்திய சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. எலும்புத் துளையில் பொருத்திய தசைநாணை வெவ்வேறு வாரங்களில் இழுத்துப் பார்த்தார்கள். 2, 4, 8 வாரங்களில் அது துளையைவிட்டே உருவிக்கொண்டு வந்தது. 12ஆவது வாரத்தில் அப்படி வரவில்லை. பிடிமானம் உறுதியாக இருந்தது, வேறு இடத்தில்தான் விட்டுப்போனது. நுண்ணோக்கியில் பார்த்தபோது எலும்பிலிருந்து தசைநாணுக்குள் சின்னச் சின்ன கொலாஜன் இழைகள் வேர் விட்டதுபோல் ஊடுருவியிருந்தன.

மனித முழங்காலில் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பாடம் ஒன்றுதான். முதல் சில மாதங்களில் பலவீனமான இடம் கிராஃப்ட்டின் நடுப்பகுதி அல்ல, துளைக்குள் அது எலும்பைத் தொடும் இடம்.

அந்த மாதங்களில்தான் துளையும் பெரிதாகிறது.

ஏன் பெரிதாகிறது?

மண்ணில் நட்ட பந்தல் கம்பத்தை நினைத்துப் பாருங்கள். குழியில் இறுக்கமாக நிற்கும்வரை பிரச்சினை இல்லை. லேசாக ஆட ஆரம்பித்தால், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குழியின் வாய் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகும். குழி அகலமானால் கம்பம் இன்னும் ஆடும்.

முழங்காலில் இந்த ஆட்டம் இரண்டு விதமாக நடக்கிறது. மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர்களே படம் போட்டுக் காட்டுகின்றன.

ஒன்று, பஞ்சி எஃபெக்ட். கிராஃப்ட்டைப் பிடித்திருக்கும் பட்டன் எலும்பின் வெளிப்பக்கம், மூட்டிலிருந்து தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டனுக்கும் மூட்டுக்கும் இடையே உள்ள நீளமெல்லாம் ரப்பர் பேண்டுபோல் லேசாக நீண்டு சுருங்கும். நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் கிராஃப்ட் துளைக்குள் மேலும் கீழும் நகரும்.

இரண்டாவது, வைப்பர் எஃபெக்ட். காரின் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் மாதிரி, காலை மடக்கி நீட்டும்போது கிராஃப்ட் துளையின் வாய்ப்பகுதியில் பக்கவாட்டில் உரசும். அந்த வாய் அகலமாகும்.

இது இயந்திரக் காரணம். அதைவிட நுட்பமானது உடலுக்குள் நடக்கும் வேதியியல்.

காயம்பட்ட மூட்டிலும் அறுவைச் சிகிச்சை செய்த மூட்டிலும் உள்ள திரவத்தில் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் அதிகம். சைட்டோகைன் என்று சொல்வார்கள். எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களை அவை உசுப்பிவிடும். துளைக்கும் கிராஃப்ட்டுக்கும் இடையே சின்ன இடைவெளி இருந்தாலே போதும். காலை அசைக்கும்போதெல்லாம் அந்தத் திரவம் உள்ளே பம்ப் ஆகும். சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பட்டன் முறை, ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட் ஆகியவற்றில் துளை அதிகம் அகலமாவதாகப் பல ஆய்வுகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எலும்புத் துண்டு உள்ள கிராஃப்ட் பாட்டிலை அடைத்த கார்க் மாதிரி. திரவம் உள்ளே போக இடம் குறைவு.

வெப்பத்துக்கும் பங்கு இருக்கலாம். துளையிடும் கருவி சுழலும்போது எலும்பு சூடாகும். 47 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புத் திசு பாதிக்கப்படும் என்று 1983இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் முயல்களிடம் செய்த சோதனையில் கண்டறிந்தார்கள். முழங்காலுக்குள் கேமரா வைத்துச் செய்யும் சிகிச்சையில் உப்புநீர் ஓடிக்கொண்டே இருப்பதால் அந்தச் சூடு ஓரளவு தணிகிறது.

கரையும் ரக ஸ்குருக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலோகம் உள்ளேயே தங்க வேண்டாமே என்று கொண்டுவரப்பட்டவை அவை. ஆனால் சிலருக்கு, அவை கரையும்போது சுற்றியுள்ள எலும்பு எரிச்சலடைந்து துளை அகலமாகிறது. அபூர்வமாகக் கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்தில் நீர்க்கட்டியும் வருவதுண்டு.

இவற்றில் எது முக்கியக் காரணம்? ஒரே ஒன்றைக் கைகாட்ட முடியாது. ஆட்டம், திரவம், பொருத்திய முறை, துளை போட்ட இடம் என்று எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

எப்போது, எவ்வளவு?

பெரும்பாலான அகலமாதல் முதல் 3 மாதங்களுக்குள் நடந்துவிடுகிறது. அதிலும் முதல் 6 வாரம் முக்கியம். பிறகு வேகம் குறைந்து நின்றுவிடும். ஓரிரு ஆண்டுகளில் துளை மெல்லச் சுருங்குவதும் உண்டு. அதனால் "போகப்போக எலும்பெல்லாம் கரைஞ்சிடுமோ" என்று பயப்படத் தேவையில்லை.

அளவைப் பொறுத்தவரை ஒரு சின்னக் கணக்கு. துளையின் விட்டம் 8 மில்லிமீட்டரிலிருந்து 12 மில்லிமீட்டர் ஆனால், 4 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் வட்டத்தின் பரப்பளவு இரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. பள்ளிக்கூடக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். அறிக்கையில் வரும் விழுக்காடு சில சமயம் பயமுறுத்தும் அளவுக்கு இருப்பதற்கு இதுவும் காரணம். விட்டத்தைச் சொல்கிறார்களா, பரப்பளவைச் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேயிலேயே துளையின் ஓரம் வெள்ளைக் கோடாகத் தெரியும். எம்ஆர்ஐயில் கிராஃப்ட்டின் நிலை நன்றாகத் தெரியும். துளையைத் துல்லியமாக அளக்க வேண்டுமென்றால் சிடி ஸ்கேன்தான் நம்பகமானது.

அப்படின்னா, கால் போச்சா?

இல்லை. இதைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும்.

துளை அகலமான பலரின் முழங்கால் உறுதியாகவே இருக்கிறது. அகலத்துக்கும் முழங்கால் தளர்வுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. வலியும் இருக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும் விஷயமாகவே அது பலருக்கு இருக்கிறது. கால் நன்றாக இருந்தால், அந்த ஒரு வரிக்காக மட்டும் யாரும் அறுவைச் சிகிச்சை செய்வதில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. படி இறங்கும்போது முழங்கால் நழுவுகிறதா? விளையாடிய மறுநாள் வீங்குகிறதா? கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்தில், பழைய தழும்புக்குக் கீழே கட்டி தட்டுப்படுகிறதா? இவை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை முடிந்த வாரங்களில் காய்ச்சலோடு முழங்கால் சிவந்து சூடாக இருந்தால் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். அது கிருமித்தொற்றாக இருக்கலாம்.

இரண்டாவது தடவைதான் சிக்கல்

துளையின் அளவு உண்மையிலேயே பெரிய விஷயமாவது, கிராஃப்ட் மறுபடியும் அறுந்து இரண்டாவது அறுவைச் சிகிச்சை தேவைப்படும்போது.

முதல் தடவை மருத்துவருக்கு முழு எலும்பு இருந்தது. இரண்டாவது தடவை, ஏற்கெனவே ஓட்டை போட்ட சுவர். ஓட்டை சரியான இடத்தில் இருந்து, அளவும் பெரிதாக மாறவில்லை என்றால் நல்லது, அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். முற்றிலும் தவறான இடத்தில் இருந்தாலும், விந்தையாகத் தோன்றலாம், அவ்வளவு மோசமில்லை. பழையதை அப்படியே விட்டுவிட்டுத் தள்ளிப் புதிதாகத் துளையிடலாம்.

இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால்தான் தலைவலி. பழைய துளை கொஞ்சம் தப்பான இடத்தில் இருக்கிறது, அகலமும் ஆகிவிட்டது. புதுத் துளை போட்டால் இரண்டும் ஒன்றாகி ஒரு பெரிய பள்ளமாகிவிடும். அதில் கிராஃப்ட்டை இறுக்கமாகப் பிடிக்க வைக்க முடியாது.

அப்போது வேலை இரண்டு கட்டமாகப் போகும். முதலில் பழைய ஸ்குருவை எடுத்து, துளையைச் சுத்தம் செய்து, அதை எலும்பால் நிரப்புவார்கள். அந்த எலும்பு உங்கள் இடுப்பு எலும்பிலிருந்து வரலாம், கொடையாளர் எலும்பாகவும் இருக்கலாம். அது கெட்டியாக 4 முதல் 6 மாதம் காத்திருக்க வேண்டும். சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நிரம்பிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் புது ஏசிஎல். ஒரே கட்டமா, இரண்டு கட்டமா என்று முடிவெடுக்கும் எல்லை மருத்துவருக்கு மருத்துவர் மாறுபடும். துளையின் விட்டம் 14, 15 மில்லிமீட்டரை எட்டினால் பலர் இரண்டு கட்டத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

காலக்கணக்கைப் பார்த்தால்தான் கனம் புரியும். நிரப்ப ஓர் அறுவைச் சிகிச்சை, அரையாண்டு காத்திருப்பு, மறுபடியும் ஓர் அறுவைச் சிகிச்சை, பிறகு விளையாட்டுக்குத் திரும்பக் குறைந்தது இன்னொரு 9 மாதம். ஒன்றேகால் ஆண்டுக்குக் குறையாது. உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடும் 16 வயதுப் பிள்ளைக்கு, அல்லது தேசிய சேவைக்குப் போகவிருக்கும் இளையருக்கு, அது எவ்வளவு பெரிய துண்டு!

நாம் என்ன செய்யலாம்?

துளையை எங்கே போடுவது, எதைக்கொண்டு இறுக்குவது என்பதெல்லாம் மருத்துவர் கையில். நம் கையில் இருப்பது முதல் சில மாதங்கள்.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. ஆறாவது, எட்டாவது வாரத்தில் வீக்கம் வடிந்திருக்கும், ஊன்றுகோல் போயிருக்கும், நடை சாதாரணமாகியிருக்கும். "நல்லாயிட்டேன்" என்று தோன்றும். ஆனால் உள்ளே கிராஃப்ட் அப்போது பலவீனமான கட்டத்தில் இருக்கிறது. இடம் மாறிய திசு முதலில் இரத்த ஓட்டத்தை இழந்து, பிறகு புது இரத்தநாளங்களைப் பெற்று, மெல்ல மெல்லத்தான் தசைநாராக மாறும். அந்த மாற்றம் ஓராண்டைத் தாண்டியும் நடக்கும். கால் தரும் தைரியத்துக்கும் எலும்பு தரும் பிடிக்கும் இடையே அந்த வாரங்களில் பெரிய இடைவெளி. அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் நண்பர்கள் கூப்பிடும் "சும்மா அஞ்சு நிமிஷம்" ஆட்டம் ஆபத்தாவது அங்கேதான்.

அதற்காகக் காலை அசைக்காமல் வைத்திருப்பதும் தப்பு. வேகமான பயிற்சி துளையை அதிகம் அகலமாக்கியதாகச் சில ஆய்வுகள் காட்டியது உண்மைதான். ஆனால் அசைக்காத முழங்கால் இறுகிவிடும், தொடைத் தசை சூம்பிவிடும். காலை முழுதாக நீட்ட முடியாமல் போவது, துளை 2 மில்லிமீட்டர் அகலமாவதைவிட அன்றாட வாழ்க்கையில் பெரிய தொல்லை. ஆக, பிசியோ கொடுத்த அட்டவணையைக் குறைக்கவும் வேண்டாம், ஆர்வக்கோளாறில் தாண்டவும் வேண்டாம். புகைபிடிப்பவர்கள் நிறுத்திவிடுவது நல்லது. எலும்பு ஒட்டுவதை அது தாமதப்படுத்தும்.

விளையாட்டுக்கு எப்போது திரும்பலாம் என்பதற்கு நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முடிவு இன்றும் அதிகம் பேசப்படுகிறது. 9ஆவது மாதம்வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி காயமடையும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 9 மாதம் ஆகிவிட்டால் மட்டும் போதாது. ஒற்றைக் காலில் தாவுவது, தொடைத் தசையின் பலம் போன்ற சோதனைகளில் அடிபட்ட கால் மற்றக் காலுக்கு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

வளரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொரு செய்தி. முழங்காலுக்கு மேலும் கீழும் எலும்பு வளரும் தட்டுகள் உள்ளன. துளை அவற்றைப் பாதித்தால் கால் கோணலாகவோ குட்டையாகவோ வளரலாம். அதனால் அவர்களுக்குத் துளை போடும் முறையே வேறு. பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சையைச் செய்து பழக்கப்பட்ட மருத்துவரிடம் போவது நல்லது.

கடைசியாக, சிகிச்சை முடிந்ததும் பலர் கேட்டு வாங்க மறக்கும் ஒன்று: அறுவைச் சிகிச்சைக் குறிப்பு. எந்த கிராஃப்ட், துளையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், ஸ்குருவா பட்டனா, உலோகமா கரையும் ரகமா என்பதெல்லாம் அதில் இருக்கும். மருத்துவமனை மாறினாலும், வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஜொகூரைத் தாண்டினாலும், அந்த ஒரு தாளின் நகலைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காலத்தில் யாராவது அந்த முழங்காலைத் திறக்க நேர்ந்தால், முதலில் கேட்பது அதைத்தான்.